புதுச்சேரி பீச் ரோடு: எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம், எதை வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டிக்கு வருகிறோம், பீச் ரோட்டுப் பக்கம் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார். கடலோரம் நடங்கள், சாப்பிடவும் வாங்கவும் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள்.

பீச் ரோடு என்பது எங்கிருந்து எங்கே வரை?

அரசுப் பதிவில் அதன் பெயர் கூபேர் அவென்யூ. யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் எதுவார் கூபேரின் பெயர் அது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பீச் ரோடு, கடற்கரைச் சாலை, அல்லது வெறுமனே 'பீச்'. ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். தெற்கே துய்ப்ளே சிலை, வடக்கே தலைமைச் செயலகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். சாதாரண நடையில் இருபது நிமிடம் போதும், ஆனால் யாரும் இருபது நிமிடத்தில் நடந்து முடிப்பதில்லை.

இந்தச் சாலைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் இருப்பதுதான் ஒயிட் டவுன், அதாவது பழைய பிரெஞ்சுக்காரர் பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைப் பார்த்து அது பிரெஞ்சுக்காரர்களின் வேலை என்று நினைப்பார்கள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்தக் கட்டத் திட்டத்துக்கு அவர்கள் போட்ட வரைபடம்தான் அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே, நீங்கள் இன்று பார்க்கும் பழைய வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை.

எந்த நேரத்தில் போனால் நடக்க முடியும்?

மாலை 6 மணிக்குத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே. என் ஓட்டு விடியற்காலைக்கு. ஐந்து மணிக்கெல்லாம் ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள்: வேகமாக நடக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பாறை மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்கள், யோகா செய்பவர்கள். கிழக்கு பார்த்த கடற்கரை என்பதால் சூரியன் நேர் எதிரே எழும். மாலையில் காற்று இதம்தான், ஆனால் சனி, ஞாயிறு மாலைகளில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அந்த இரண்டு நாளில் வருகிறீர்கள் என்றால் காலையைத் தவற விடாதீர்கள்.

அந்தச் சாலையில் பார்க்க என்னென்ன இருக்கின்றன?

நடுவில் காந்தி சிலை. சுற்றி எட்டுக் கல்தூண்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். சிலைக்கு எதிரே கடலுக்குள் பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் சில இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கப்பல் சரக்கு இறங்கிய பாலம் அது. 1952 புயலில் போய்விட்டது. காந்தி சிலைக்குப் பக்கத்தில் பழைய கலங்கரை விளக்கம். 1836இல் ஏற்றிய விளக்கு 1979 வரை எரிந்தது.

கொஞ்சம் தள்ளிப் பிரெஞ்சுப் போர் நினைவகம். முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்தியப் படையினருக்காக 1938இல் திறக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளில் விழா உண்டு, முந்தின மாலையில் விளக்கேந்திய ஊர்வலமும் உண்டு. மார்பில் பதக்கம் குத்திய வயதான சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றிப் பென்ஷன் வாங்கும் நம் தமிழ்த் தாத்தாக்கள், அன்று கம்பீரமாக நடந்து வருவார்கள். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அந்த வாரம் வர முடிந்தால் வாருங்கள்.

மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். இடிந்த நாளில் ஊரே அழுதது என்றால் மிகையில்லை. தெற்கு முனையில் நிற்கும் துய்ப்ளே, 1742 முதல் 1754 வரை இங்கே கவர்னர். அவருடைய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்புதான் அந்தக் கால ஊரை நமக்குச் சொல்கிறது. பிள்ளையின் வீடு வாய்க்காலுக்கு மேற்கே, பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் இருக்கிறது. துய்ப்ளே சிலை முன் படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் அந்த வீடு வரை போகிறார்கள்?

கடலில் குளிக்கலாமா? மணலே இல்லையே?

பாறைகள் கொட்டிய பகுதியில் இறங்கவே கூடாது. வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும், அலை அடித்து இழுக்கும். போலீஸ் விசில் அடிப்பது விளையாட்டுக்கு அல்ல.

ஒரு காலத்தில் இங்கே அகலமான மணற்கரை இருந்தது. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் கட்டினார்கள். அவை மணலைத் தெற்கிலேயே பிடித்து வைத்துக்கொண்டன. வடக்கே இருந்த நகரக் கடற்கரை அரித்துப் போனது. கடலோரத் தடுப்புச் சுவரைக் காப்பாற்றத்தான் பாறை கொட்டினார்கள். 2004 சுனாமியின்போது அந்தச் சுவரும் பாறையும்தான் பழைய நகரத்தைக் காத்தன. ஆனால், அரிப்பு வடக்கே வைத்திக்குப்பம் போன்ற மீனவர் ஊர்கள் பக்கம் நகர்ந்தது. நகரத்துக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

பிறகு சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. குழந்தைகளை விளையாட விட அந்த இடம் சரி. அங்கேயும் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணலில் நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றால் நோணாங்குப்பம் படகுக் குழாமிலிருந்து சுண்ணாம்பாற்றில் படகில் போய்ச் சேரும் பாரடைஸ் பீச் நல்லது.

தங்க எந்தப் பக்கம் நல்லது?

மூன்று வழி இருக்கிறது.

கடலைப் பார்த்தபடி கண் விழிக்க வேண்டும் என்றால் பீச் ரோட்டிலேயே தங்கலாம். தி பிராமனேட் போன்ற ஓட்டல்கள் அங்கே உண்டு, வாடகை அதிகம். கடல் தெரியும் அறை வேறு, கடல் பக்கத்து ஓட்டலில் ஓர் அறை வேறு. பதிவு செய்யும்போதே ஜன்னல் எந்தத் திசை என்று கேளுங்கள்.

இரண்டாவது, துய்மா வீதி, ரொமேன் ரொலான் வீதி, சுய்ஃப்ரேன் வீதி போன்ற தெருக்களில் பழைய வீடுகளை மாற்றி அமைத்த விடுதிகள். உயரமான கூரை, நடுமுற்றம், காகிதப்பூக் கொடி. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, காரை எங்கேயோ நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். பெரியவர்களோடு வருகிறவர்கள் தரைத்தள அறை இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவதுதான் என் பரிந்துரை: வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதி. பெருமாள் கோயில் வீதி, வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதிப் பக்கம். தெருவைப் பார்த்த திண்ணை, அதற்கு மேல் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், உள்ளே முற்றம். மேல்மாடியில் மட்டும் பிரெஞ்சு பாணி ஜன்னலும் வளைவும். இந்தக் கலவையை வேறு எந்த ஊரிலும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது. வைசியாள் வீதியைப் பழைய வடிவத்துக்கு மீட்டெடுத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. மெசோன் பெருமாள் போன்ற விலை கூடிய இடமும் இங்கே உண்டு, கட்டுப்படியாகும் சிறிய விடுதிகளும் உண்டு. பீச்சுக்குப் பதினைந்து நிமிட நடை. காலையில் கோயில் மணிச் சத்தம் கேட்கும், தெருமுனையில் இட்லி கிடைக்கும்.

பேருந்து நிலையப் பக்கம் மலிவான லாட்ஜுகள் நிறைய. இரவு தூங்கி எழுந்தால் போதும் என்றால் சரி. பீச்சுக்கு ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

ஆசிரம விடுதிகளில் யார் வேண்டுமானாலும் தங்கலாமா?

தங்கலாம், அவர்களுடைய ஒழுங்குக்கு உட்பட்டு. அரவிந்தர் ஆசிரமத்துக்குக் கடலோரத்தில் பார்க் கெஸ்ட் ஹவுஸ், சீசைடு கெஸ்ட் ஹவுஸ், உள்ளே செஞ்சி சாலையில் இன்டர்நேஷனல் கெஸ்ட் ஹவுஸ் ஆகியவை உள்ளன. எளிய அறை, நல்ல துப்புரவு. கடலோர அறை இந்த வாடகைக்கு வேறெங்கும் கிடைக்காது. குடி, புகை இரண்டும் கூடாது. இரவு பத்தரை வாக்கில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள். அந்த வாரத்துக்கு மாதங்களுக்கு முன்பே அறைகள் நிரம்பிவிடும். மறுநாள் ஆகஸ்ட் 16, பிரான்ஸ் இந்த ஊரைச் சட்டப்படி ஒப்படைத்த நாள், 1962இல் நடந்தது. அதற்கும் இங்கே விடுமுறை உண்டு. ஆசிரமத்துக்குள் சமாதியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள்.

பாண்டிக்கு வந்தால் பிரெஞ்சுச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள், நல்ல அனுபவம். காலையில் புஸ்ஸி வீதிப் பேக்கரிகளில் சுடச்சுட வரும் பகெத் என்கிற நீள ரொட்டியும் குரோசாண்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஒயிட் டவுன் முற்றங்களில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் காசு கூடத்தான் ஆகும். அங்கே இடத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

எனக்கு ஆசை என்னவென்றால், இந்த ஊரின் சொந்தச் சமையலை நீங்கள் ருசிக்க வேண்டும். இங்கேயுள்ள கிரியோல் குடும்பங்களும், அதாவது ஐரோப்பிய-இந்தியக் கலப்பு வழிவந்தவர்களும், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் தலைமுறைகளாகச் சமைப்பது அது. நம்முடைய மிளகும் சோம்பும் தேங்காய்ப்பாலும் உண்டு, காரம் மட்டும் பாதி. இறைச்சியை ரகூ என்று மெதுவாக வேகவைப்பார்கள். வினிகரும் பூண்டும் சேர்த்து வேந்தாய் செய்வார்கள். வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து சேர்த்து உருட்டி வெயிலில் காயவைக்கும் வடகம் இல்லாமல் அந்தச் சமையல் நடக்காது. அதே வடகம் கப்பலேறிப் பிரான்சு போய் இன்று அங்கே பெரிய சமையல்காரர்கள் விரும்பும் மசாலாவாகிவிட்டது. சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வழியாக வியட்நாமிய வறுத்த ரோலும் பாண்டி வீடுகளின் விருந்துப் பண்டமாயிற்று.

இவை எல்லாம் பெரும்பாலும் வீட்டுச் சமையல். ஓட்டல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மெனுவில் 'கிரியோல்' என்று கண்டால், பாஸ்தாவைத் தள்ளி வைத்துவிட்டு அதைக் கேளுங்கள். டிசம்பரில் வந்தால் பேக்கரியில் விவிக்கம் கேக் கேளுங்கள். ரவையில் செய்யும் பாண்டி கிறிஸ்துமஸ் கேக் அது.

குடும்பத்தோடு, சைவமாக, அளவான செலவில் எங்கே சாப்பிடுவது?

மிஷன் வீதிக்கும் நேரு வீதிக்கும் வாருங்கள். சற்குரு ஓட்டலில் மதியச் சாப்பாடு திருப்தியாக இருக்கும். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ், தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் பழைய இடம். காபிக்கும் தோசைக்கும் போகலாம், அலங்காரம் எதிர்பார்க்க வேண்டாம். அசைவம் என்றால் மீன் சாப்பாடு போடும் சின்ன மெஸ்களை ஆட்டோக்காரரிடம் விசாரியுங்கள். மதியம் ஒரு மணிக்குள் போய்விட வேண்டும். நல்ல மீன் அதற்குப் பிறகு தங்காது.

பீச்சில் உட்கார்ந்து கொறிக்க?

மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், மசாலா பொரி எல்லாம் கிடைக்கும். கடலைப் பார்த்தபடி காபி குடிக்க லே கஃபே. பழைய துறைமுக அலுவலகக் கட்டடம் அது. அலைத் துளி மேசை வரை தெறிக்கும். காபி சுமார்தான், ஆனால் அந்த இருக்கைக்காகவே போகலாம். ஐஸ்கிரீமுக்கு ஜிஎம்டி கடை வாசலில் வரிசை நிற்கும். குப்பையைப் பாறை இடுக்கில் போடாதீர்கள். கையை விட்டு எடுக்க முடியாத இடங்கள் அவை. போட்டால் கடலுக்குத்தான் போகும்.

என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

முதலில் காகிதம். அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் எஸ்.வி. பட்டேல் சாலையில் 1959 முதல் இயங்குகிறது. துணிக்கழிவிலிருந்து செய்த தாள், பூவிதழ் பதித்த உறை, நோட்டுப் புத்தகம் எல்லாம் கிடைக்கும். எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். ஊதுவத்தி, சோப்பு, மண்பாண்டம், பருத்தி உடை வேண்டுமென்றால் ஆரோவில் பொருட்களை விற்கும் நேரு வீதிக் கடைக்குப் போகலாம். 1978இல் இந்த ஊரில் தொடங்கிய ஹைடிசைன் தோல் பைகளுக்கும் இங்கே கடை உண்டு.

ஆனால் பலரும் விட்டுவிடுவது வில்லியனூர் சுடுமண் பொம்மையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும்தான். இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வில்லியனூர் நகரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். நேரில் போய்ச் செய்கிறவரிடமே வாங்கினால் காசு அவர் கைக்குப் போகும். உடையாமல் வைக்கோல் வைத்துக் கட்டித் தருவார்கள்.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கிற பெரிய மார்க்கெட்டுக்குள் ஒரு முறையாவது நுழைந்து வாருங்கள். பூ, காய்கறி, கருவாடு, வடகம், மீன் விற்கும் அம்மாக்களின் குரல் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். காலை ஒன்பது மணிக்குள் போவது நல்லது. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

சண்டே மார்க்கெட் பற்றிச் சொல்கிறார்களே?

ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி சாலையில் நடைபாதைக் கடைகள் பரப்புவார்கள். துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம். மாலையில் கூட்டம் நெரியும், பர்ஸைப் பத்திரமாக வையுங்கள். பேரம் பேசலாம், ஆனால் பத்து ரூபாய்க்காக அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டாம்.

இங்கிருந்து மதுபாட்டில் கொண்டு போகலாமா?

தமிழ்நாட்டுக்குள் கொண்டு போனால் சட்டப்படி குற்றம். எல்லையில் சோதனை இருக்கிறது, வண்டியையும் பிடித்துவிடுவார்கள். பீச் ரோட்டில் குடிக்கவும் அனுமதி இல்லை.

மஞ்சள் சுவர்த் தெருக்களில் போட்டோ எடுக்கலாமா?

தெருவில் நின்று எடுக்கலாம். ஆனால் அவை சினிமா செட் அல்ல, குடியிருக்கிற வீடுகள். வாசற்படியில் ஏறுவது, காகிதப்பூவை ஒடிப்பது, கல்யாணப் படப்பிடிப்பு என்று கதவை மறித்து நிற்பது, இவற்றால் சலித்துப்போய்ச் சிலர் அறிவிப்பே எழுதி மாட்டிவிட்டார்கள். காலை ஆறரைக்குப் போனால் வெளிச்சமும் நன்றாக இருக்கும், யாருக்கும் தொந்தரவும் இல்லை.

வாய்க்காலுக்கு மேற்கே நடக்க ஒரு வழி சொல்லுங்களேன்?

மணக்குள விநாயகர் கோயிலில் தொடங்குங்கள். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்த பிறகு வாசலில் ஒரு வெறுமை இருக்கிறது, இருந்தாலும் கோயில் கோயில்தான். அங்கிருந்து வாய்க்காலைக் கடந்து ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியார் குடியிருந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. பிறகு வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதி. அங்கே பாரதிதாசன் வீடும் அருங்காட்சியகம்தான். திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள், மதியம் மூடியிருக்கலாம். பசித்தால் மிஷன் வீதி பக்கத்திலேயே இருக்கிறது.

எப்படி வருவது? ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் விழுப்புரத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பது எளிது. புதுச்சேரி ரயில் நிலையத்திலிருந்து பீச் நடக்கிற தூரம்தான். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ வேண்டும். ஆட்டோவில் ஏறும் முன் கூலியைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஒயிட் டவுனுக்குக் கார் வேண்டவே வேண்டாம். நடங்கள், அல்லது வாடகை சைக்கிள் எடுங்கள். ஆரோவில், வில்லியனூர் பக்கம் போக ஸ்கூட்டர் வசதி. மிஷன் வீதிப் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போதே வண்டியிலுள்ள கீறல்களைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் அசல் லைசென்சும் கையில் இருக்கட்டும்.

எந்த மாதம் வரலாம்?

டிசம்பர் கடைசி தொடங்கிப் பிப்ரவரி வரை இதமான காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவானால் பீச் ரோட்டையே மூடுவார்கள். மே மாத வெயிலில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. புத்தாண்டு இரவு மட்டும் வேண்டாம் என்பேன். அறை வாடகை எகிறும், தெருவெல்லாம் அடைப்பு, நடக்கக்கூட இடம் இருக்காது. செவ்வாய், புதன் போல வாரத்தின் நடுவில் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள். வாடகை குறையும், லே கஃபேயில் கடலோர மேசையும் கிடைக்கும்.